கப்பலேறிய வண்டி: ஒரு மறுப்பு

சென்ற மாதம் எங்கள் வாசக நண்பர்கள் கூடியபோது பேச்சு பயண இலக்கியத்தின் பக்கம் திரும்பியது. டெட் சைமனின் ‘ஜூபிடர்ஸ் டிராவல்ஸ்’ நூலை அப்போதுதான் வாசித்து முடித்திருந்த இளைஞர் ஒருவர் அதைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். கவிதையிலும் விமர்சனத்திலும் நாங்கள் எல்லோரும் மதிக்கும் மூத்த நண்பர் ஒருவர் சற்று நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நம் ஊரில் மானம்தான் கப்பலேறும். இவர்கள் மோட்டார் சைக்கிளையும் ஏற்றுகிறார்கள்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தத் தொடங்கியது. அன்று அங்கேயே மறுத்திருக்க வேண்டும். மறுக்காமல் வந்ததற்கான பிராயச்சித்தமாக இதை எழுதுகிறேன்.

நண்பரின் வாதம் மூன்று பகுதிகள் கொண்டது. ஒன்று, போகிற ஊரில் வண்டி வாடகைக்குக் கிடைக்கும்போது சொந்த வண்டியைப் பெட்டியில் அடைத்துக் கடல் கடத்துவது வெறும் உடைமைப் பித்து. இரண்டு, சே குவேராவின் தென்னமெரிக்கப் பயணம் வண்டி செத்த பிறகுதான் பயணமாயிற்று. ஆகவே வண்டி என்பது பயணிக்கும் மண்ணுக்கும் நடுவே நிற்கும் தடுப்பு. மூன்று, இவ்வகை நூல்கள் மனிதர்களைப் பற்றியவை அல்ல, உதிரிபாகங்களைப் பற்றியவை.

முதலில் என் சார்பைச் சொல்லிவிடுகிறேன். 2011-ல் என் புல்லட்டைச் சென்னையிலிருந்து கென்யாவின் மொம்பாசா துறைமுகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து டான்சானியா, சாம்பியா, போட்ஸ்வானா வழியாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வரை ஓட்டி, அங்கிருந்து மறுபடி கப்பலில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தவன் நான். எனவே இதில் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் இதை ஒரு ‘பைக் பிரியனின்’ கோபம் என்று நண்பர் தள்ளிவிடவும் கூடாது. என் வண்டியைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் ஏதும் கிடையாது. அது எண்ணெய் ஒழுக்கும் வண்டி.

மூன்றாவது குற்றச்சாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மோட்டார் சைக்கிள் பயண நூல்களில் பெரும்பான்மை படிக்கத் தகுந்தவை அல்ல. எந்த மேட்டில் எந்தச் சங்கிலி அறுந்தது, எந்த ஊரில் எந்த டயர் கிடைத்தது என்ற பட்டியல், நடுநடுவே ஓர் அஸ்தமனம், கடைசியில் ‘எல்லைகள் மனத்தில்தான் இருக்கின்றன’ என்ற கண்டுபிடிப்பு. எல்லைகள் மனத்தில் இல்லை ஐயா. எல்லைகள் தகரக் கூரை போட்ட கொட்டகைகளில் இருக்கின்றன. அங்கே ஒரு மேசை, ஒரு முத்திரைக் கட்டை, மதிய உணவுக்குப் போய்விட்ட ஓர் அதிகாரி இருக்கிறார்கள். இந்த நூல்களின் குறை உதிரிபாகங்களைப் பற்றி அதிகம் பேசுவது அன்று. துறைமுகத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதே குறை. வண்டி லண்டனில் இருந்தது, அடுத்த அத்தியாயத்தில் பியூனஸ் அயர்ஸில் இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? ‘சில காகித வேலைகளுக்குப் பின்’ என்று அரை வரி. அந்த அரை வரிக்குள்தான் பயணம் இருக்கிறது என்பது என் கட்சி.

அந்த அரை வரியைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

வண்டியைக் கப்பலேற்றுவதென்றால் அதை ஓட்டிக்கொண்டு போய்க் கப்பலில் நிறுத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். சக்கரத்தோடே உருட்டி ஏற்றும் கப்பல்கள் உண்டு. அவை எல்லாத் துறைமுகங்களுக்கும் போவதில்லை, எல்லாம் இருசக்கர வண்டியை ஏற்பதுமில்லை. பெரும்பாலோர்க்கு வாய்ப்பது மரப்பெட்டிதான். பெட்டியின் மரத்துக்கும் சட்டம் உண்டு. பூச்சியும் புழுவும் நாடு விட்டு நாடு போகாதிருக்க, மரத்தின் உள்மையம் 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றி, அதற்கான முத்திரையைப் பலகையில் குத்தியிருக்க வேண்டும். பெட்ரோலை வடித்துவிட வேண்டும், பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வண்டியென்றால் டயர் இடுக்கில் ஒரு துளி மண்ணோ ஒரு புல்விதையோ இருக்கக் கூடாது. இருந்தால் திரும்பக் கழுவும் செலவு உங்களுடையது.

பிறகு கணக்கு. கடல் வழியில் சில்லறைச் சரக்கைப் பெரும்பாலும் கன மீட்டரால் அளக்கிறார்கள். வான் வழியில் எடை, கன அளவு இரண்டையும் பார்த்து எது அதிகமோ அதற்கு வாங்குகிறார்கள்; ஒரு கன மீட்டர் 167 கிலோவுக்குச் சமம் என்பது அவர்கள் வாய்பாடு. வண்டியை அப்படியே 2.2 மீட்டர் நீளம், 0.9 அகலம், 1.2 உயரமுள்ள பெட்டியில் வைத்தால் 2.38 கன மீட்டர் வரும். அது விமானக் கணக்கில் ஏறத்தாழ 397 கிலோ. முன்சக்கரத்தையும் கைப்பிடியையும் கழற்றி 1.8, 0.8, 1.1 என்று சுருக்கினால் 1.58 கன மீட்டர், 265 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே பயணத்தின் முதல் வேலை நீங்கள் நேசிப்பதாகச் சொல்லும் பொருளை அக்கக்காகக் கழற்றுவது. சொந்த வண்டியின் மீது பித்துப் பிடித்தவன் இதைச் செய்ய மாட்டான். பித்துள்ளவன் அதைக் கூடத்தில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருப்பான்.

இதற்கெல்லாம் மேலே ஒரு காகிதம் இருக்கிறது. கார்னெட் என்று பெயர். ஐக்கிய நாடுகள் சபையின் 1954-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, அந்தந்த நாட்டு மோட்டார் வாகனச் சங்கங்கள் வழங்கும் சுங்கப் புத்தகம் அது. ஒவ்வொரு தாளும் மூன்று துண்டுகள். ஒரு நாட்டுக்குள் நுழையும்போது ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார்கள். வெளியேறும்போது இன்னொரு துண்டை. அடிக்கட்டையில் இரண்டு முத்திரைகளும் விழுந்து உங்களிடமே தங்கும். ஓராண்டு செல்லும். அதன் பொருள் எளியது: ‘இந்த எண்ணுள்ள இந்த வண்டியை நான் உங்கள் நாட்டில் விற்க மாட்டேன், விட்டுவிட்டுப் போக மாட்டேன், கொண்டுவந்ததைக் கொண்டுபோவேன்.’ சொல் தவறினால் அந்த நாடு இறக்குமதித் தீர்வையைச் சங்கத்திடம் கேட்கும். சங்கம் உங்கள் ஜாமீன் தொகையில் எடுத்துக்கொள்ளும். நான் வண்டி மதிப்பைப் போல் இரண்டு மடங்குக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்தேன். போகும் நாடுகளைப் பொறுத்து இதைவிட அதிகமாகவும் கேட்பார்கள்.

இப்போது நண்பரின் முதல் வாதத்துக்கு வருகிறேன். வாடகை வண்டி கிடைக்காதா? கிடைக்கும். நைரோபியில் கிடைக்கும், கேப் டவுனில் கிடைக்கும், சாண்டியாகோவில் கிடைக்கும். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் நாட்டின் எல்லையைத் தாண்ட விடுவதில்லை. விட்டாலும் தனிக் கடிதம், தனிக் கட்டணம். அந்த ஊரிலேயே ஒரு பழைய வண்டியை வாங்கலாம் என்றால், அங்கு குடியிருக்கும் உரிமை இல்லாதவர் பெயரில் வண்டியைப் பதிவு செய்யப் பல நாடுகளில் வழியில்லை. இவை நடைமுறைப் பதில்கள். இவற்றோடு நிறுத்திக்கொண்டால் நண்பர், ‘அப்படியானால் எல்லை தாண்டாதே, ஒரு நாட்டை ஒழுங்காகப் பார்’ என்பார். நியாயமான பதில்தான். ஆகவே என் மறுப்பை நடைமுறையில் நிறுத்தவில்லை.

வாடகை வண்டியில் போகிறவன் வாடிக்கையாளன். வண்டி நின்றால் கடைக்குத் தொலைபேசி செய்வான். பிடிக்கவில்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு மாலை விமானத்தில் ஏறுவான். அவனுக்கும் அந்த நாட்டுக்கும் இடையே பணம் கொடுக்கும் உறவைத் தவிர வேறில்லை. கார்னெட்டோடு போகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. காய்ச்சலடித்தாலும், கையிருப்புத் தீர்ந்தாலும், அந்த ஊரே வெறுத்துப் போனாலும், வண்டியை அங்கே விட்டு ஓட முடியாது. அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். பயண எழுத்தாளன் என்ற இனத்தின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை, அவன் எப்போதும் கிளம்பிப் போகக்கூடியவன் என்பது. உள்ளூர்க்காரனின் பஞ்சத்தையும் மழையையும் பற்றி எழுதுகிறான்; ஆனால் அவனுடைய கைப்பையில் திரும்பும் பயணச்சீட்டு இருக்கிறது. வண்டியைக் கப்பலேற்றியவனின் பையிலும் அது இருக்கலாம். ஆனால் அவன் அதைப் பயன்படுத்தும் முன் பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

இதை நான் மொம்பாசாவில் 19 நாட்களில் கற்றேன்.

கொழும்பில் கப்பல் மாறி, ஏறத்தாழ ஐந்து வாரம் கழித்துப் பெட்டி மொம்பாசாவில் இறங்கியது. நான் விமானத்தில் போய்ச் சேர்ந்தேன். அந்த ஆண்டு சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்தது. என் சரக்குச் சீட்டில் அதற்கென்றே ஒரு தொகை சேர்த்திருந்தார்கள். கொள்ளையர்கள் என் வண்டியைத் தொடவில்லை. அதைத் தடுத்து நிறுத்தியது ஓர் எழுத்து. சென்னையில் என் காகிதங்களைத் தட்டச்சு செய்த ஏஜென்ட் அலுவலகத்தில், சேஸிஸ் எண்ணில் ஆங்கில ‘பி’ இருந்த இடத்தில் எட்டு என்று அடித்துவிட்டார்கள். கார்னெட்டில் ‘பி’, சரக்குச் சீட்டில் எட்டு. சுங்க அதிகாரி மிகுந்த மரியாதையோடு எனக்கு விளக்கினார்: காகிதத்தில் இருக்கும் வண்டி வேறு, பெட்டியில் இருக்கும் வண்டி வேறு. பெட்டியில் இருப்பதற்குக் காகிதம் இல்லை. காகிதத்தில் இருப்பதற்கு வண்டி இல்லை. நான் கோபப்பட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. எண் ஒன்றுதான் அந்த வண்டியின் அடையாளம். அதை நான் சரிபார்த்திருக்க வேண்டும்.

திருத்தம் சென்னையிலிருந்து வர வேண்டும். சென்னை கொழும்பைக் கேட்டது. கிடங்கில் நாள்வாடகை ஏறியது. தினமும் காலையில் நான் ஒரு மாடிப்படியில் ஏறி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் கற்ற முதல் சுவாஹிலிச் சொல் ‘கேஷோ’. நாளை என்று பொருள். அந்த அறையில் எழுத்தராக இருந்த முதியவர் ஒருவர் மூன்றாம் நாளிலிருந்து என்னிடம் பேசத் தொடங்கினார். ஊரைக் காட்டியவர் அவர்தான். எந்தக் கடையில் மதியம் சாப்பிட வேண்டும், எந்த அதிகாரியிடம் எந்த நேரத்தில் போகக் கூடாது, துறைமுகத்தின் கூலி எப்படிப் பங்கிடப்படுகிறது, யாருடைய மகன் மஸ்கட்டில் இருக்கிறான், எந்த லாரிக்காரன் உகாண்டா எல்லையில் நான்கு நாள் நின்றான் என்பதெல்லாம் அந்தப் பெஞ்சில் எனக்கு வந்து சேர்ந்தன. பழைய நகரத்தையும் ஜீசஸ் கோட்டையையும் பார்க்க எனக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. அந்தப் பெஞ்சுக்கு 19 நாள் போதவில்லை.

அவர் ஒரு நாள் எங்கள் நண்பரின் கேள்வியையே கேட்டார். எதற்காக இதைக் கொண்டுவந்தாய்? இங்கே இல்லாத வண்டியா? ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். தெருவெங்கும் வாடகைக்கு ஆளேற்றும் மோட்டார் சைக்கிள்கள், அவற்றில் பல இந்தியாவில் செய்தவை. அந்த வாடகை வண்டிக்கு அங்கே ‘போடா போடா’ என்று பெயர். முதல் நாள் ஒருவன் என்னைப் பார்த்து அப்படிக் கூவியபோது என்ன தவறு செய்தேன் என்று திகைத்தேன். கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் நடுவிலுள்ள புசியா எல்லையில், இரு சாவடிகளுக்கிடையே ஆட்களை ஏற்றிச் சென்ற சைக்கிள்காரர்கள் ‘பார்டர், பார்டர்’ என்று கூவியதிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். உலகின் மிக எளிய வாடகை வண்டிக்கே எல்லையின் பெயர்தான் வாய்த்திருக்கிறது.

முதியவருக்கு நான் சொன்ன பதில் சரியாக இல்லை. ‘இது என் வண்டி’ என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இந்தத் துறைமுகத்துக்கு விற்பதற்காகப் பொருள் கொண்டுவருகிறவர்களை நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். விற்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொண்டுவருகிறவனை அதிகம் பார்த்ததில்லை” என்றார். அது பாராட்டா கேலியா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் உடைமைப் பித்து என்று அவர் சொல்லவில்லை. கையெழுத்தைத்தான் அவர் கவனித்தார்.

அடுத்தது சே குவேரா. நண்பர் அந்த நூலை ஆயுதமாக எடுத்தது எனக்கு ஆச்சரியம். 1952-ல் அவரும் ஆல்பர்டோ கிரனாடோவும் அர்ஜென்டினாவிலிருந்து ஏறிப் போன 500 சிசி நார்ட்டன், சிலியில் உயிரைவிட்டது உண்மை. அதற்குப் பிறகு லாரிகளிலும் கால்நடையாகவும் போனபோதுதான் அவர் கண் திறந்தது என்பதும் ஒரு நியாயமான வாசிப்பு. ஆனால் அந்த வண்டி யாருடையது? கிரனாடோவின் சொந்த வண்டி. ‘வல்லமை கொண்டவள்’ என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டு, வீட்டிலிருந்தே ஏறி வந்தார்கள். அது செத்தபோது அவர்களுக்கு ஏதோ செத்தது. இரண்டு இளம் கனவான்கள் மோட்டாரேறிய விருந்தினர்களாக இருந்த நிலை போய், இரண்டு நாடோடிகள் ஆனார்கள். வாடகை வண்டியாக இருந்திருந்தால் மறுநாள் காலை மாற்று வண்டி வந்திருக்கும். சொந்தமாக இல்லாத ஒன்றை இழக்க முடியாது. எனவே அந்த நூலைச் சாட்சிக்கு அழைப்பதானால் அது என் பக்கம்தான் நிற்கும்.

டெட் சைமனையும் இதே கண்ணோடு மறுபடி வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 1973 அக்டோபர் 6-ஆம் தேதி, அரபு இஸ்ரேல் போர் மூண்ட அதே நாளில், 500 சிசி டிரயம்ப் வண்டியில் லண்டனிலிருந்து கிளம்பினார். நான்கு ஆண்டுகள், 45 நாடுகள். ஆப்பிரிக்காவை நெடுக்காகக் கடந்து, இன்று மாபுட்டோ என்று அழைக்கப்படும் லோரன்சோ மார்க்கிஸில் சரக்குக் கப்பல் ஏறிப் பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் இறங்கினார். அங்கே சந்தேகத்தின் பேரில் காவல்துறை அவரைப் பிடித்து அடைத்து வைத்தது. நூலின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால் ஆப்பிரிக்கச் சாலைகளைச் சொல்ல மாட்டேன். நகர முடியாமல், எப்போது விடுவார்கள் என்று தெரியாமல் அவர் கிடந்த அந்த நாட்களைச் சொல்வேன். அதற்கு முன்பு அவர் உலகைப் பார்க்கும் ஆங்கிலேயர். அங்கேதான் உலகம் அவரைப் பார்த்தது.

அதே பயணத்தில் அவர் பினாங்கிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்தார் என்பது நம் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. பர்மா வழியாக அந்நாளில் தரைவழி திறந்திருக்கவில்லை. மலேசியாவிலிருந்து இந்தியாவுக்கு வண்டியோடு வருகிறவர் கடல் கடந்தே ஆகவேண்டும். சிங்கப்பூர், பினாங்கு, சென்னை என்று ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985-ல் தீப்பிடித்த பிறகு அந்தப் பயணிகள் சேவையே முடிந்தது. நம் குடும்பங்களின் பெட்டி படுக்கைகளும் தோல்வியடைந்த வியாபாரங்களும் புதுமணப் பெண்களும் வந்த அதே கடல் வழியில்தான் வெள்ளைக்காரரின் வண்டியும் வந்தது. கப்பலை நாம் மறந்துவிட்டோம். மறந்ததனால்தான் வண்டியைக் கப்பலேற்றுவது நமக்கு நகைச்சுவையாகப் படுகிறது.

இனி எதிர்ப்பக்கத்தையும் ஒரு பிடி பிடிக்க வேண்டும். என் நண்பரின் கேலிக்கு இடம் கொடுத்தவர்கள் கனவு வியாபாரிகள். 2004-ல் இரண்டு நடிகர்கள் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மோட்டார் சைக்கிளில் போன தொலைக்காட்சித் தொடர் உலகமெங்கும் பார்க்கப்பட்டது. அவர்களுடைய துணிச்சலில் எனக்குச் சந்தேகமில்லை. சைபீரியச் சேற்றில் அவர்கள் பட்ட பாடு நிஜம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் துணை வண்டிகளும் தயாரிப்பாளர்களும் இருந்தார்கள். ரஷ்யாவின் மகதானிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜுக்கு வண்டிகள் விமானத்தில் பறந்தன. அதைப் பார்த்துவிட்டு வங்கிக் கடன் வாங்கிக் கிளம்பியவர்களை நான் அறிவேன். சாலையின் படத்தை அவர்களுக்குக் காட்டியவர்கள் கிடங்கின் ரசீதைக் காட்டவில்லை. கப்பல் கட்டணம் மலிவாகத் தோன்றும். ஏனென்றால் பணத்தை இறங்கும் துறைமுகத்தில்தான் பிடுங்குவார்கள். இறக்குகூலி, கிடங்கு வாடகை, சீட்டு மாற்றும் கட்டணம், ஏஜென்ட் கட்டணம் என்று எல்லாம் சேர்ந்து என் புல்லட்டின் விலையில் பாதிக்கு மேல் அதன் ஒருவழிக் கடல் பயணத்துக்கே ஆயிற்று. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், 2024 முழுவதும் இந்தியாவிலிருந்து ஐரோப்பா போகும் பெரும்பாலான சரக்குக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. எங்கோ நடக்கும் போர் உங்கள் பெட்டியின் தேதியைத் தீர்மானிக்கிறது. இதைச் சொல்லாமல் ‘சாலை அழைக்கிறது’ என்று எழுதுகிறவர் எழுத்தாளர் அல்லர், விளம்பரதாரர்.

இதில் யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்ற கேள்வி உண்டு. நண்பர் ‘பணக்கார வீம்பு’ என்று சொன்னதன் அடியில் அந்தக் கேள்வி இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை அவர் தவறான முகவரிக்கு அனுப்புகிறார். ஜெர்மானியர் ஒருவர் வண்டியோடு பிரான்சுக்குள் நுழையச் சுங்கப் புத்தகம் வேண்டியதில்லை. தென்னமெரிக்க நாடுகள் பலவும் கார்னெட் கேட்பதில்லை. எல்லைச் சாவடியிலேயே தற்காலிக அனுமதிச் சீட்டைக் கொடுத்து, இத்தனை நாளுக்குள் கொண்டுபோ என்று விட்டுவிடுகின்றன. அவர்களுடைய உலகம் கவிழ்ந்துவிடவில்லை. நாமோ வெளியே போகும் நம் ஆளிடம் மடங்குக் கணக்கில் ஜாமீன் கேட்கிறோம், உள்ளே வரும் வெளிநாட்டவரிடமும் கார்னெட் கேட்கிறோம். பழைய வண்டி ஒன்று ஊருக்குள் விலைபோய்விடுமோ என்று பயந்த காலத்தின் ஏற்பாடு இது. ஆண்டுதோறும் பல லட்சம் புதிய வண்டிகளை ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு அந்தப் பயம் பொருந்தவில்லை. வசதி உள்ளவன் மட்டும்தான் போக முடிகிறது என்றால், போனவனைக் கேலி செய்வதைவிட வாசலை அகலமாக்கச் சொல்வதல்லவா முறை?

டர்பனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். காசுங்குலாவில் சாம்பேசி ஆற்றைப் படகில் கடந்து (2021-ல்தான் அங்கே பாலம் திறந்தது), போட்ஸ்வானாவின் நீண்ட தட்டையான சாலையைத் தாண்டி, ஒரு வழியாக டர்பன் போய்ச் சேர்ந்தேன். வண்டியைத் திரும்ப அனுப்பும் படிவத்தை நிரப்பினேன். எண், எடை, நிறம், அங்க அடையாளங்கள், கீறல்கள், ஒடுங்கல்கள். நிரப்பிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 ஒப்பந்தக் கூலிகளை இதே துறைமுகத்தில் இறக்கியது. அன்று தொடங்கி 1911-ல் நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து வந்திறங்கினார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களுக்கும் பதிவேடு இருந்தது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி, உடலிலுள்ள தழும்பு. ட்ரூரோ சென்னையிலிருந்து டர்பன் வர ஐந்து வாரம் எடுத்தது. என் பெட்டி மொம்பாசாவுக்கு வந்த காலமும் ஏறத்தாழ அதுதான். நான் அங்கே நின்ற ஆண்டு, அந்த ஆளேற்றுமதி நின்று சரியாக நூறாவது ஆண்டு.

என் வண்டியை அவர்களோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். ஒப்பிடக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது. என் இரும்புக்கு, கொண்டுவந்ததைக் கொண்டுபோயே தீர வேண்டும் என்ற கட்டாயம் உலக நாடுகளின் உடன்படிக்கையாக இருந்தது. அந்த மனிதர்களுக்குப் பத்தாண்டு கழித்தால் திரும்பும் கப்பல் இலவசம் என்று ஒரு வாக்குறுதி இருந்தது. அதைப் பயன்படுத்தித் திரும்பியவர்களும் உண்டு, திரும்பாமல் அந்த மண்ணிலேயே கலந்தவர்கள் அவர்களைவிட அதிகம். இரண்டு வகைக் காகிதங்களும் ஒரே மொழியில் எழுதப்பட்டவை. ஆங்கிலத்தைச் சொல்லவில்லை, சரக்கின் மொழியைச் சொல்கிறேன். விமானத்தில் டர்பன் போய், கடற்கரையில் வாடகை வண்டி எடுத்து, இரண்டு நாளில் திரும்பியிருந்தால் அந்த மொழியை நான் வாசித்தே இருக்க மாட்டேன். ஒரு பதிவேட்டை அருங்காட்சியகத்தில் பார்ப்பது ஒன்று. அதன் பேரப்பிள்ளையான படிவத்தை, பேனாவோடு, பின்னால் வரிசையில் நிற்பவர் அவசரப்படுத்த, நிரப்புவது வேறு.

ஆகவே அந்த இளைஞரிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஒரு நாள் கிளம்பக்கூடும். அன்று உங்கள் கண்ணில் அது தெரிந்தது. கிளம்புமுன் சேஸிஸ் எண்ணை எல்லாக் காகிதங்களிலும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஒவ்வொரு எல்லையிலும் வெளியேறும் முத்திரை விழுந்ததா என்று பார்த்துவிட்டே நகருங்கள். திரும்பி வந்து எழுதும்போது அந்த அரை வரியை விரித்து எழுதுங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள், யாரிடம் கெஞ்சினீர்கள், எந்தப் பெஞ்சில் எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன பேசினார் என்று எழுதுங்கள். சாலையை யாரும் எழுதிவிடுவார்கள்.

மூத்த நண்பருக்கும் ஒரு சொல். நீங்கள் சொன்னது ஒரு வகையில் சரி. மானம் கப்பலேறத்தான் செய்தது. மொம்பாசாவின் மாடிப்படிகளில் 19 நாள் அது ஏறி இறங்கியது. வண்டி சென்னைக்கு வந்து, கடைசி முத்திரை விழுந்து, வங்கி என் ஜாமீன் தொகையை விடுவிக்க மேலும் நான்கு மாதம் ஆயிற்று. வண்டி இப்போதும் வாசலில்தான் நிற்கிறது, எண்ணெய் ஒழுக்கிக்கொண்டு. அடுத்த கூட்டத்துக்கு அதில்தான் வருவேன். திரும்பும்போது உங்களை வீட்டில் விட்டுவிடுகிறேன், வழியில் மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம்.